மில் வாசல்ல ஒரு வட்டம்

அந்தப் பெட்டியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி. மேல என்ன படம்னு பாத்துக்கிடுதேன். மைக்குதான? நெனச்சேன். தென்காசியில நீங்க ஏறும்போதே நெனச்சேன், இவ்வளவு பத்திரமா மடியில வச்சிருக்காரே, ஒண்ணு கைக்கொழந்தையா இருக்கணும், இல்ல மைக்கா இருக்கணும்னு. வீட்ல வச்சுப் பாட்டுப் பதியுததுக்கா? சரிதான். வசமா என்கிட்ட வந்து உக்காந்திருக்கீங்க.

மைக்குன்னா எனக்கு ஆகாது தம்பி. உங்களச் சொல்லல. ஒரு மைக்காலதான் நான் இன்னைக்கு ஊரை விட்டுப் போய்க்கிட்டிருக்கேன். ஒரேயடியா இல்ல. ராஜபாளையத்துல மக வீடு இருக்கு, ராத்திரி தங்கிட்டு நாளைக்கு வந்துருவேன். இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் நான் செங்கோட்டையில இருக்கக் கூடாது. ஏன்னு கேளுங்க.

கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். உங்களுக்கும் இறங்குத வரைக்கும் வேற வேலை இல்ல. நான் மெதுவாத்தான் பேசுவேன், ஒரு தொந்தரவும் இருக்காது. பின்னால பாருங்க, மலையிறங்கி வந்த சாமிமாரு எப்படித் தூங்குதாவ. என் பேச்சுல ஒருத்தரு கூட முழிக்க மாட்டாவ.

பேரு ஆவுடையப்பன். செங்கோட்டையில மாவு மில். முப்பது வருசமா அரிசி, மிளகா, மல்லி, சீயக்கா எல்லாம் அரைச்சுக் கொடுக்கேன். மில்லுக்கு நேர் எதுத்த வீடு குத்தாலிங்கம் வீடு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. நானும் அவரும் ஒண்ணா சபரிமலைக்குப் போற ஆளுக. வருசா வருசம் கார்த்திகை பொறந்ததும் மாலை போட்டு, விரதம் இருந்து, ஒரே வேன்ல போயிட்டு வருவோம். அவரு பாடுவாரு. நான் சரணம் விளிப்பேன். 'சாமியே'ன்னு நான் எடுத்துக் கொடுத்தாத்தான் மத்த சாமிமாரு 'சரணம் ஐயப்பா'ன்னு சொல்லணும். பெரிய பொறுப்பு தம்பி அது. எல்லாருக்கும் வராது.

இன்னைக்குச் சாயங்காலம் குத்தாலிங்கத்துக்குக் கட்டுநிறை. இருமுடி கட்டி மலைக்குப் புறப்படுத சடங்கு. அதுவும் பதினெட்டாம் வருசம். ஒரு சாமிக்கு அது வாழ்நாள்ல ஒரு தடவை வருதது. தென்னங்கன்னு சுமந்துகிட்டுப் போவாரு. தெருவே அங்ஙனதான் இருக்கும். என் வீட்டுக்காரி பார்வதி காலையிலயே பாயசத்துக்குத் தேங்கா துருவப் போயிட்டா. நான் மட்டும் பஸ்ல உக்காந்திருக்கேன். என் கழுத்தப் பாருங்க. மாலை இல்ல. இந்த வருசம் போடல. எல்லாம் அந்த மைக்கு பண்ணுன வேலை.

போன வருசம் ஐப்பசியில ரிட்டையர் ஆனாரா, மனுசனுக்குக் கையும் காலும் சும்மா இருக்கல. சொந்தமாக் கட்டுன பாட்டு ஒண்ணு வச்சிருக்காரு. வேன்ல போகும்போது பாடுவாரு. அதப் பதிஞ்சு எல்லாருக்கும் அனுப்பணும்னு ஆசை வந்துட்டு. தென்காசியில ஒரு ஸ்டூடியோவுல போயிக் கேட்டாரு. அவங்க சொன்ன ரேட்டக் கேட்டுட்டு நடந்தே திரும்பி வந்துட்டாருன்னு ஊர்ல ஒரு பேச்சு. பஸ்லதான் வந்தாரு. ஆனா மூஞ்சி நடந்து வந்த மாதிரிதான் இருந்துது.

அப்பதான் டீச்சர் இதுக்குள்ள இறங்குனாவ. செண்பகவல்லி டீச்சர், குத்தாலிங்கம் சம்சாரம். கொரோனா நேரத்துல வீட்ல இருந்தே பாடம் பேசிப் பதிஞ்சு பிள்ளைகளுக்கு அனுப்புனவிய. அப்ப வாங்குன சின்ன மைக்கு ஒண்ணு, அவிய மக பன்னெண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பு ஒண்ணு, ரெண்டும் பரண்ல கெடந்துது. "ஸ்டூடியோ எதுக்கு? அந்த மேலண்டை ரூமைக் காலி பண்ணுங்க"ன்னுட்டாவ.

ரூமைக் காலி பண்ணி, நடுவுல நின்னு டீச்சர் ஒரு தட்டு கை தட்டுனாவ. டப்புன்னு தட்டுனா, டப்டப்டப்னு செவுரு திருப்பிச் சொல்லுது. "இது ஆகாது. செவுத்துல மெத்தை மாதிரி ஏதாவது சாத்தி வைக்கணும், அப்பதான் எதிரொலி அடங்கும்"னாவ. நாலு செவுத்துக்கும் மெத்தைக்கு எங்க போக? குத்தாலிங்கத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

தம்பி, அதுக்கு வழி சொன்னது நான். இத மட்டும் நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. மாலை போட்ட சாமி மெத்தையில படுக்கக் கூடாது, தலகாணி வைக்கக் கூடாது, தரையில துண்டை விரிச்சுத்தான் படுக்கணும். சரியா? எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு சாமி. அப்ப விரதம் முடியுத வரைக்கும் எத்தனை மெத்தை சும்மா கெடக்கும்? "கார்த்திகை பொறக்கட்டும் வே, தெரு மெத்தை பூரா உம்ம ரூமுக்கு வந்துரும்"னேன். வந்துட்டு! காலையில கோயில்ல மாலையப் போட்ட கையோட, சாமிமாரு எல்லாம் கருப்பு வேட்டியும் அதுவுமா மெத்தையத் தலையில தூக்கிக்கிட்டு வரிசையா வாராவ. தெருவுல போறவங்க யாரோ வீடு காலி பண்ணுதாவன்னு நெனச்சாங்க. ஒரு அம்மா வாடகை எவ்வளவுன்னு கூடக் கேட்டுட்டா. என் மெத்தை நல்ல இலவம்பஞ்சு. தலைதீவாளிக்கு மருமகன் வந்து படுக்கணும்னு அடிச்சது. அதைத்தான் டீச்சர் நடுச் செவுத்துல, பாடுதவருக்கு நேரா நிப்பாட்டுனாவ. மத்த மெத்தையெல்லாம் ஓரந்தான்.

இன்னொண்ணும் நான்தான். பாடும்போது 'ப' வந்துதுன்னா மைக்குல காத்து அடிச்சு டொப்புன்னு விழும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாட்டுல 'பம்பை, பம்பை'ன்னு வந்துகிட்டே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வெடி போட்ட மாதிரி. மைக்குக்கு முன்னால நைஸா ஒரு வலைத்துணி கட்டணும்னாவ டீச்சர். கடையில இருந்து வாங்க வேண்டாம்னுட்டு, மில்லுல மைதா சலிக்கிற சல்லடையக் கொண்டு போயி நான் கட்டுனேன். டொப்பு நின்னுட்டு. குத்தாலிங்கம்தான் தும்ம ஆரம்பிச்சுட்டாரு. கழுவிட்டுக் கொண்டு வந்திருக்கலாம்லான்னு கேக்காவ. சல்லடைய யாராவது கழுவுவாங்களா தம்பி? தட்டத்தான் செய்வாங்க.

என்னம்மா, பிள்ள முழிச்சிட்டாளா? பஸ்சு குலுக்கத்தான செய்யும். தட்டிக் கொடுங்க, தூங்கிருவா.

எங்க விட்டேன்? சல்லடை. சல்லடை வந்துட்டு, மெத்தை வந்துட்டு. வெளிச் சத்தம் போகலியே! ஃபேனை நிறுத்துனா ஃபிரிட்ஜு உறுமுது. ஃபிரிட்ஜை நிறுத்துனா அடுத்த வீட்டு மோட்டாரு. அதுவும் நின்னா கோயில் ரேடியோ செட்டு. டீச்சர் ஹெட்போனைக் காதுல மாட்டி, கண்ணை மூடிக் கேட்டுட்டு, "அண்ணாச்சி, எல்லாத்துக்கும் மேல உங்க மில்லு"ன்னாவ. என் மில்லு அப்படியெல்லாம் சத்தம் போடாது தம்பி. எனக்குக் கேக்கதே இல்ல.

குத்தாலிங்கம் ஒரு நிமிசம் தாடியத் தடவுனாரு. பெறவு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. மாசத்துக்கு ஒரு நாளு பராமரிப்புன்னு கரண்டை நிப்பாட்டுவாங்கல்லா, பேப்பர்ல கூடப் போடுவாங்களே. அன்னைக்குக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஊர்ல ஃபேன் கெடையாது, மோட்டார் கெடையாது, ரேடியோ செட்டு கெடையாது, மில்லும் கெடையாது. லேப்டாப்பு பேட்டரியில ஓடும். மைக்கு லேப்டாப்புல ஓடும். "சர்வீஸ் பூரா அன்னைக்கு நான் போஸ்ட்டு மேல இருப்பேன் வே. கரண்டு இல்லாத ஊரு எப்படி இருக்கும்னு கீழ உக்காந்து ஒரு தடவை கூடக் கேட்டதில்ல"ன்னாரு. பாவமா இருந்துது.

ஆனா பேட்டரி பழசு. பாட்டை ஒரு தடவை பாடி முடிக்கத் தாங்குனாப் பெருசு. அதனால முன்னாடியே ஒத்திகை பாக்கணும்னு டீச்சர் சொல்லிட்டாவ. இருக்கது ஒரே மைக்கு. பாட குத்தாலிங்கம், பின்பாட்டுக்கு ஆறு சாமி, சரணம் விளிக்க நான். ஒத்த மைக்குன்னா யாரு எவ்வளவு தூரத்துல நிக்கணும்ங்கதுதான் கணக்காம். டீச்சர் சாக்பீஸ் எடுத்துத் தரையில வட்டம் போட்டாவ, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகள நிப்பாட்டுத மாதிரி. குத்தாலிங்கத்துக்கு மைக்குல இருந்து ஒரு முழத்துல. ஆறு சாமிக்கும் சேத்து ஒரு வட்டம், கட்டில் கெடந்த எடத்துல. எனக்கு மட்டும் தனி வட்டம், தம்பி. கதவுகிட்ட.

நான் ஒரு தடவை 'சாமியே'ன்னேன். டீச்சர் ஹெட்போனைக் கழட்டி வீசிட்டாவ. அதுல ஏதோ கோளாறு. "அண்ணாச்சி, கொஞ்சம் ஹாலுக்குப் போங்க"ன்னாவ. ஹால்ல ஒரு வட்டம். அங்ஙன இருந்து விளிச்சேன். "இன்னும் கொஞ்சம். அடுக்களை தாண்டி." அங்க ஒரு வட்டம். "கேட்டுகிட்ட நில்லுங்க." அங்கயும் ஒண்ணு. கடைசியில, "அண்ணாச்சி, தெருவைத் தாண்டி உங்க மில் வாசல்லயே நில்லுங்க. நான் ஜன்னலைத் தொறந்து வைக்கேன்"னாவ. மில் வாசல்ல போட்ட சாக்பீஸ் வட்டம் மாவு விழுந்து அழிஞ்சுகிட்டே இருந்துது. மறுநாளு டீச்சரே வந்து பச்சைப் பெயின்ட்டுல ஒரு வட்டம் போட்டு வச்சாவ. ஆறு பேருக்கு ஒரு சாக்பீஸ் வட்டம். எனக்கு ஒருத்தனுக்குப் பெயின்ட் வட்டம்! யாருக்கு என்ன மரியாதைன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சுல்லா? மத்த சாமிமாருக்குப் பொறாமைதான். வாயைத் துண்டால பொத்திக்கிட்டு நின்னாவ.

என்ன கண்டக்டரே? மெதுவாவா? மெதுவாத்தான பேசிக்கிட்டிருக்கேன். தம்பிக்கே பாதி கேக்கல போலிருக்கு, காதுகிட்ட கைய வச்சிருக்காரு பாருங்க.

கரண்டு நின்ன அன்னைக்கு, தம்பி, அப்படி ஒரு அமைதிய நான் என் வயசுக்குக் கேட்டதில்ல. மில்லுல பெல்ட்டு சும்மா தொங்குது. திருக்கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு மாவு அரைக்க வந்த பொம்பளையள்லாம் தூக்குச் சட்டியோட உக்காந்திருக்காவ. யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். தெருமுனையில போஸ்ட்டு மேல ஒருத்தன் வேலை பாக்கான், குத்தாலிங்கத்துக்கிட்டத் தொழில் படிச்சவன். ஸ்பேனரைக் கூடச் சத்தம் வராம வைக்கான். எதுத்தாப்புல ஜன்னல்ல டீச்சர் கை மட்டும் தெரியுது. கருப்புத் துண்டை ஆட்டுனா நான் விளிக்கணும்.

உள்ள அவரு பாடுதது எனக்குக் கேக்கல. துண்டு ஆடுச்சு. வட்டத்துக்குள்ள நின்னு கூப்பிட்டேன். முப்பது வருசமா மில் ஓடும்போதுதான் நான் வாயத் தொறந்து பழக்கம். அன்னைக்குத்தான் சும்மா கெடந்த தெருவுல கூப்பிடுதேன். கடைசி சரணம் விளிக்கும்போது போஸ்ட்டு மேல இருந்தவன் வேலைய விட்டுட்டு 'சரணம் ஐயப்பா'ன்னுட்டான். மாவு அரைக்க வந்தவியளும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டாவ. சொன்னா எங்க கேக்காவ! பாட்டு முடிஞ்சு டீச்சர் சேவ் பண்ணவும் லேப்டாப்பு கண்ணை மூடவும் சரியா இருந்துது. அவ்வளவுதான். ஒரே தடவை.

இனிமேதான் கதை.

ஒரு வாரம் டீச்சர் அத வச்சுக் கூட்டிக் குறைச்சு சரி பண்ணுனாவ. பெறவு எல்லாரையும் கூப்பிட்டு அந்த மெத்தை ரூம்ல உக்கார வச்சுப் போட்டுக் காட்டுனாவ. குத்தாலிங்கம் பாடுதாரு, நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு பல்லி சொல்லுது. நல்ல சகுனம்னு அத எடுக்கல. அப்புறம் சரணம் வரப்போவுது. நான் நிமிந்து உக்காந்தேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காவ. சரணம் வந்துது.

தம்பி, அது நான் இல்ல.

வேற எவனோ ஒருத்தன். எங்கயோ தூரத்துல, மலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கூப்பிடுத மாதிரி. என் குரல் எப்படி இருக்கும்? நீங்கதான் கேக்கீங்களே. நல்லாக் கனமா, அடக்கமா, நெஞ்சுக்குள்ள இருந்து வரும். இது மெல்லிசா, நீளமா, ஓரத்துல கொஞ்சம் நடுங்கிக்கிட்டு வருது. அது நல்லா இல்லன்னாக் கூட நான் சும்மா விட்டிருப்பேன். நல்லா இருக்கு! அதான் என் வயித்தெரிச்சலே. வழி தெரியாம நிக்கவன் அந்தச் சத்தத்தக் கேட்டான்னா உக்காந்து அழுதுருவான். எனக்கே கண்ணு கலங்கிட்டு. கலங்குன கண்ணோட எந்திரிச்சு, "யாரு வே இது?"ன்னேன்.

"என்ன வே, நீருதான்"னாரு குத்தாலிங்கம்.

"என் குரல் எனக்குத் தெரியாதா?"

"சாமி சத்தியமா நீருதான் வே."

மாலையப் போட்டுக்கிட்டுப் பொய்ச் சத்தியம்! ஆறு சாமியும் அதையே சொல்லுதாவ. பேசி வச்சுக்கிட்டுத்தான சொல்லணும்? டீச்சர் அதுக்கு ஒரு பாடமே நடத்துனாவ. நாம பேசுதது நமக்கு மண்டை எலும்பு வழியாவும் கேக்குமாம், அடுத்தவங்களுக்குக் காத்து வழியா மட்டும் கேக்குமாம், அதனால பதிஞ்சு கேட்டா யாருக்குமே தன் குரல் வேத்தாள் குரலாத்தான் இருக்குமாம். எலும்பாம்! அப்ப காது எதுக்கு இருக்கு? பூ சுத்தவா? என் எடத்துல வேற ஒரு ஆளப் பிடிச்சுப் போட்டுட்டு, எலும்பு கதை சொல்லுதாவ.

விரதத்துல கோவப்படக் கூடாது. நான் கோவப்படல. என் மெத்தைய மட்டும் எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அதுல படுக்கவும் முடியாது, மாலை போட்டிருக்கேன். சும்மா செவுத்துல சாத்தி வச்சுக்கிட்டு, அதுக்கு எதுத்தாப்புலத் தரையில படுத்துக் கெடந்தேன்.

பார்வதிகிட்டப் பாட்டைப் போட்டுக் காட்டுனேன். "நீங்கதான். தெனம் காலையில காபிக்குக் கத்துத சத்தத்துல பாதிய எடுத்துட்டுப் போட்டிருக்காவ"ன்னா. அவ டீச்சரோட ஆளு, அவகிட்டக் கேட்டது என் தப்பு. அச்சன்கோவில் வரைக்கும் பஸ் பிடிச்சுப் போயி விசாரிச்சேன் தம்பி. மலையடிவாரத்துல இப்படி ஒரு குரல் இருக்கான்னு. அங்க டீக்கடையில பாட்டைப் போட்டேன். எல்லாரும் கேட்டுட்டு, "நல்ல சப்தம், யாராணு?"ன்னு மலையாளத்துல என்கிட்டயே கேக்காங்க. தெரிஞ்சா நான் ஏன் அங்க வரேன்?

அந்த வருசம் வேன்ல கூடத்தான் போனேன். கடைசி சீட்டுல. ஒரு சரணம் விளிக்கல. வேன் ஊமையாப் போச்சு. வளைவுக்கு வளைவு குத்தாலிங்கம் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. பாக்கட்டும். அந்தப் புது ஆளக் கூட்டிட்டு வந்திருக்க வேண்டியதுதான? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். எதுத்த வீட்டுக்காரரோட பேசி ஒரு வருசம் ஆச்சு தம்பி.

இந்த வருசமும் மெத்தை ரூமு போட்டிருக்காவளாம். புதுப் பாட்டு. நடுச் செவுத்துல என் மெத்தை இருந்த எடத்த அப்படியே விட்டு வச்சிருக்காவன்னு பார்வதி சொல்லுதா. எதிரொலிக்கட்டும், எனக்கென்ன. அந்தப் பச்சை வட்டம் இன்னும் மில் வாசல்ல கெடக்கு. அழிச்சு விடுங்கன்னு சொல்லி அனுப்புனேன். அவிய அழிக்கல. நானும் அழிக்கல, எனக்கு மில்லுல வேலை சரியா இருக்கு. நேத்து ராத்திரி குத்தாலிங்கம் கேட்டுகிட்ட வந்து நின்னாரு. உள்ள வரல. பார்வதிகிட்ட, "நாளைக்குச் சரணம் விளிக்க ஆளு இல்ல மயினி"ன்னுட்டுப் போயிட்டாரு. அந்த மலைக்குரல்காரன் எங்க போனானாம்? கேளுங்க. மாலை இல்லன்னாலும் வந்து விளிக்கலாம், வழியனுப்பலாம், அதெல்லாம் எனக்குத் தெரியும். மாலை போடாததால மெத்தையிலதான் படுத்திருந்தேன். இலவம்பஞ்சு. விடிய விடியத் தூக்கம் இல்ல. காலையில மொதல் வேலையா பஸ் ஏறிட்டேன்.

பாட்டா? இருக்கு, என் போன்லயே இருக்கு. தெனம் கேக்கேன், அந்தப் பய யாருன்னு ஒரு நாளு பிடிபடாமயா போயிரும்? இந்தாங்க, காதுல மாட்டிக்கிடுங்க. ம்... இது குத்தாலிங்கம். இப்ப பல்லி சொல்லும். சொல்லிட்டா? இந்தா வருதான் பாருங்க அவன். கேக்கா? எப்படி? நான் சொன்னேன்லா? உங்களுக்கே முடி சிலிர்த்துட்டுல்லா?

என்ன சிரிக்கீங்க?

நீங்களுமா தம்பி! பணம் ஏதும் அனுப்பி வச்சாரா குத்தாலிங்கம்? ஒரு மணி நேரமா என் பேச்சைக் கேட்டுட்டு, அது நான்தான்னு சொல்லுதீங்களே.

புளியங்குடி வந்துட்டு. வண்டி கொஞ்ச நேரம் நிக்கும், டீ குடிக்கலாம். என்னது? நான் இறங்கி, அந்தா எலுமிச்சம்பழ மூட்டை அடுக்கியிருக்காங்களே, அது வரைக்கும் போயி நிக்கணுமா? அங்ஙன இருந்து ஒரு சரணம் விளிக்கணுமா? நீங்க இங்ஙன இருந்து உங்க போன்ல பிடிப்பீங்களா? ஏன் தம்பி, எல்லாரும் என்னைத் தூரத்துலயே கொண்டு போயி நிப்பாட்டுதீங்க? சரி, உங்களுக்கும் ஆசை. பொய்யின்னு தெரிஞ்சுக்கிடுங்க. இந்தாங்க என் துண்டு. நீங்க ஜன்னல்ல இத ஆட்டுனாத்தான் நான் விளிப்பேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

கேட்டுதா? விளிச்சேனே! பாத்தீங்களா, டீக்கடையில நின்ன சாமிமாரு, பஸ்ல தூங்குன சாமிமாரு, அம்புட்டு பேரும் முழிச்சு 'சரணம் ஐயப்பா'ன்னுட்டாவ. கிளாஸைக் கீழ போட்டுட்டு ஒருத்தரு கையெடுத்துக் கும்பிடுதாரு. அந்த டீக்கடைக்காரரு கிண்டலப் பாத்தீங்களா? "ஏ பெரியவரே, பாலு திரிஞ்சிரப்போவுது"ங்காரு. சரி, போடுங்க. போட்டுக் காட்டுங்க.

ம்.

ஏ... இவந்தான்! தம்பி, இவந்தான் அந்தப் பய! அதே குரலு! எங்க நிக்கான்? நான் விளிக்கும்போது இவனும் பக்கத்துல நின்னு விளிச்சிருக்கான், பாத்தீங்களா? எலுமிச்சம்பழ மூட்டைக்குப் பின்னாலயா? யாரையும் காணலியே. இந்த பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கான். சாமி, நீங்களா? நீங்க இல்லயா? இருங்க, இன்னொரு தடவை போடுங்க.

...'ஏ பெரியவரே, பாலு திரிஞ்சிரப்போவுது.'

அது என்னைல்லா சொன்னாரு.

இன்னொரு தடவை போடுங்க தம்பி.

...

இப்படியா இருக்கு?

நான் கூப்பிட்டா இப்படியா கேக்கும்? முப்பது வருசமா மில்லுக்குள்ளயே கத்திக்கிட்டுக் கெடந்தேன், வெளிய நிக்கவங்களுக்கு இப்படிக் கேக்கும்னு ஒரு பயலும் சொல்லலியே தம்பி. சொன்னாவ. சொல்லத்தான் செஞ்சாவ. சாமி சத்தியமா நீருதான்னு சொன்னாருல்லா அவரு. மாலையோட சொன்னாரே. நான் அவரைப் பொய்யன்னுட்டேன். ஒரு வருசம் அவரு மூஞ்சியில முழிக்கல. வேன்ல திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாரு தம்பி, வளைவுக்கு வளைவு...

இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல. எலுமிச்சம்பழ வாடை. கண்ணுல பட்டுட்டு.

கண்டக்டரே, விசில் ஊதிராதீங்க! தம்பி, மேல என் பை இருக்கு பாருங்க, அத எடுத்துக் கொடுங்க. மகளுக்கு ஊறுகா கொண்டு வந்தேன், நீங்க வச்சுக்கிடுங்க. அந்தா செங்கோட்டை வண்டி நிக்கு. மத்தியானத்துக்குள்ள போயிருவேன். கட்டுநிறை சாயங்காலந்தான். போன உடனே மெத்தையத் தூக்கிட்டுப் போயிக் கொடுத்துரணும்.

நீங்க பாட்டுப் பதியும்போது ஒரு காரியம் பண்ணுங்க. சல்லடைய நல்லாக் கழுவிட்டுக் கட்டுங்க. என்னை மாதிரி மெதுவாப் பேசுத ஆளு யாராவது வந்தா, கொஞ்சம் தள்ளியே நிப்பாட்டுங்க.

போன் பண்ணிச் சொல்லிரவா? வேண்டாம் தம்பி. போன்ல என்னத்தச் சொல்ல? அவரு வீட்டுக்குள்ளயும் போக மாட்டேன். நேரா மில் வாசலுக்குப் போவேன். மில்லு பூட்டித்தான் கெடக்கும். வட்டம் அங்ஙனதான் கெடக்கு. அதுக்குள்ள நின்னுக்கிடுவேன். ஜன்னல்ல டீச்சர் துண்டை ஆட்டட்டும்.

ஆட்டலன்னாலும் கூப்பிடுவேன்.